பூக்கோசுப் பாத்தியும் என் மூன்று பக்க ஆங்கிலமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேமரன் மலையில் பூக்கோசை நத்தை தின்றிருக்கிறது, புழு தின்றிருக்கிறது, அடைமழை அழுக வைத்திருக்கிறது. ஆனால் ஒரு பாத்திப் பூக்கோசை ஆங்கிலத்தாலேயே அழிக்கப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

போன வாரம் நான் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “இதைவிடப் பெரிய மடத்தனம் ஏதும் பண்ணியிருக்கிறீர்களா?” ஐயா, வாய்க்கால் வெறும் முன்னுரை.

எழுபதுகளின் நடுப்பகுதி. பெரட்டுக் களம். விடிந்ததும் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொள்ளும் இடம் அது. மூட்டம் இன்னும் விலகவில்லை. முன்னால் நிற்பவரின் முதுகு தெரிகிறது. அவருக்கும் முன்னால் நிற்பவரின் இருமல் மட்டும் கேட்கிறது. ரப்பர் பூட்ஸுகளின் ஈர வாசனை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த துரை, ஈப்போவில் படித்த சீனர், என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். மூன்று முழுத் தாள். நானே எழுதியது. இரண்டாம் தாளில் அவருடைய புருவம் ஏறியது. மூன்றாம் தாளில் ஏறிய புருவம் இறங்கவே இல்லை. பிறகு கடிதத்தை நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நாளை நான்கு மணிக்குப் பங்களாவுக்கு வா” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் கூடையோடு நின்ற பாக்கியம் அக்கா என் விலாவில் இடித்தார்.

“என்னடா சொன்னாரு?”

“பங்களாவுக்குக் கூப்புட்டுருக்காரு அக்கா.”

“அப்ப கெடச்சுருச்சா?”

“கெடச்ச மாதிரிதான் லா!”

அந்த ‘மாதிரி’க்குள் எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

வாட்டுமாடிக் கல்லூரி

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பு என்னைக் கைவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். படிப்பைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

வேலை தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுகிற இடம். இலை பதமாக அரைநாளுக்கு மேல் ஆகும். அவ்வப்போது கையால் புரட்டிவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் இலை வாடும், நானும் சேர்ந்து வாடுவேன்.

அந்த வாட்டத்துக்கு மருந்தாக வந்தது ஓர் அகராதி. பழைய வெள்ளைக்காரத் துரை நாடு திரும்பியபோது சாமான் கட்டிக்கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். மற்றவர்களுக்குப் போர்வை கிடைத்தது, குடை கிடைத்தது, ஒருவருக்கு இரும்புக் கட்டிலே கிடைத்தது. எனக்கு அட்டை பிய்ந்த ஆங்கில அகராதி. அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல கனமாத்தான் இருக்கு. ஊறுகா சாடி மேல வச்சா மூடி நவுராது.”

சாடிக்குப் போகாமல் அதைக் காப்பாற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். வாட்டுமாடியில் பதினான்கு தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியின் பலகையிலும் சாக்கட்டியால் ஒரு சொல் எழுதுவேன். முதல் தொட்டியில் புரட்டும்போது முதல் சொல், இரண்டாம் தொட்டியில் இரண்டாம் சொல். ஷிப்ட் முடிவதற்குள் பதினான்கு சொற்களையும் இலையோடு பத்துத் தடவை புரட்டியிருப்பேன். மறுநாள் அழித்துவிட்டுப் புதுசு.

இந்த முறையை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, பல சொற்கள் அந்தந்தத் தொட்டியிலேயே இருக்கின்றன. ‘எஃபெமரல்’ என்றால் நொடியில் மறைவது. அது ஏழாம் தொட்டி. அந்தத் தொட்டியின் காற்றாடி மட்டும் கிறீச்சிடும். இப்போதும் அந்தச் சொல்லை எங்காவது பார்த்தால் முதலில் கிறீச் சத்தம் கேட்கும், பிறகு வாடும் கொழுந்தின் வாசனை வரும். பழுத்த ஆப்பிளும் நனைந்த சாக்கும் கலந்தது போல ஒரு வாசனை. அதற்குப் பிறகுதான் பொருள் வரும்.

ஒரு சொல்லை மூன்று தடவை உயிருள்ள மனிதரிடம் பயன்படுத்தினால்தான் அது நம்முடையதாகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்தவன் நான். பட்டவர்கள் ஊரார்.

கம்போங் ராஜா போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம், இவ்வாகனத்தின் புறப்பாடு ‘இம்மினென்ட்’தானா, அதாவது இதோ நிகழப்போவதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மணியை அடித்துவிட்டு, “நாயிக் லா!” என்றார். மலாயில் ஏறு என்று அர்த்தம். அம்மா வைத்த நெத்திலிச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, அமிர்தம் என்று சொல்ல ‘டிலெக்டபிள்’ என்றேன். அம்மா உப்பு டின்னை என் பக்கம் தள்ளினார். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், எனக்கு ‘அகராதி’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு ‘அகராதி புடிச்சவன்’ என்று நீட்டினார்கள். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வாட்டுமாடியில் பதம் பார்ப்பது எப்படி என்றால், ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறக்க வேண்டும். உடனே விரிந்தால் பச்சை. நொறுங்கினால் காய்ந்துவிட்டது. உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருந்தால் பதம். இலைக்கு இந்தப் பதம் எனக்கு அத்துப்படி. சொல்லுக்கும் ஒரு பதம் உண்டென்று அப்போது தோன்றவே இல்லை. பெரிய சொல்லாக இருந்தால் போதும், அள்ளிப் போட்டுவிடுவேன்.

பாக்கியம் அக்காவின் பாத்தி

பாக்கியம் அக்கா எங்கள் லயத்தில் நான்காவது வீடு. கொழுந்து பறிப்பவர். புருஷன் இல்லை, பதினாறு வயதில் ஒரு மகள். லயத்துக்குப் பின்னால் ஓடையோரமாக இருந்த சிறு சமநிலத்தில், பழைய துரையின் வாய்வார்த்தை அனுமதியோடு, அக்கா பூக்கோசு போட்டிருந்தார்.

பூக்கோசு சும்மா வளராது. பூவில் வெயில் பட்டால் மஞ்சளடித்துவிடும். பக்கத்து இலையை ஒடித்துக் குடை மாதிரி கவிழ்க்க வேண்டும். அக்கா வேலை முடிந்து வந்து, கூடையை இறக்கிய கையோடு, ஒவ்வொரு பூவாகக் குனிந்து மூடுவார். அந்தப் பாத்திக்குள் ஒரு தையல் மெஷின் இருந்தது. பூவை விற்று, மிதிக்கிற மெஷின் ஒன்று வாங்கி, மகளை அதில் உட்கார வைத்துவிட வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் மலை ஏறக் கூடாது. அக்காவின் கணக்கு அவ்வளவுதான்.

பூ எலுமிச்சம்பழ அளவுக்கு வந்த நேரத்தில் காளிமுத்து கங்காணி வந்து நின்றார். அந்த இடத்தில் தேயிலை நாற்றுப் போடப் போகிறார்களாம். வருகிற திங்கட்கிழமை டிராக்டர் வந்து நிரவிவிடும்.

“மூணு வாரத்துல வெட்டிருவேன் கங்காணியாரே.”

“எடம் துரையோடது. நான் என்னத்தச் சொல்ல?”

துரைக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான் என்பது லயத்துக்கே தெரியும்.

எங்கள் தோட்டத்தில் துரையிடம் யாரும் எதையும் வாயால் கேட்பதில்லை. கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். நடுவில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரே வழி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பெரட்டில் நேராகக் கையில் கொடுப்பது. வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம். வெள்ளைக்காரர் போய்விட்டார், பழக்கத்தைக் கூடவே கட்டி எடுத்துப்போகவில்லை.

அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, மூணு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டு எழுதுடா.”

“விடு அக்கா. அசத்திப்புடலாம்.”

இரண்டு ஷிப்ட் எடுத்துக்கொண்டேன். முதல் தாள் முழுக்கத் துரையின் வருகையால் மலையே பூரித்தது பற்றி. இரண்டாம் தாளில் அக்காவின் உழைப்பு, அதன் ‘இன்டாமிடபிள்’ தன்மை, அதாவது யாராலும் அடக்க முடியாத உறுதி. மூன்றாம் தாளில் பூக்கோசு. அதைப் பூக்கோசு என்றா எழுதுவேன்? ‘ஆல்பெசன்ட் ஆர்ப்ஸ்’ என்று எழுதினேன். வெண்மை படரும் கோளங்கள். எழுதிவிட்டு நானே எழுந்து நின்று ஒரு தடவை படித்துக்கொண்டேன்.

அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

“எல்லாம் போட்டுட்டியா?”

“ஒண்ணு விடல அக்கா.”

பங்களாவில் பூப்பந்து

பெரட்டில் கடிதம் கொடுத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அக்கா பாதி வழி வரை வந்து, பாதைத் திருப்பத்தில் நின்றுகொண்டார்.

துரை என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பாதி போதை. தேநீர் வந்தது. நாங்கள் வீட்டில் குடிக்கும் தூள் இல்லை. கோப்பையின் அடி தெரிகிற தேநீர். கூடவே வெண்ணெய் பிஸ்கட்.

“என் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்புக் கடிதம் எனக்கு வந்ததில்லை” என்றார் துரை.

வரவேற்புக் கடிதம் என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அதற்குள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். உள்ளே முழுக்க ஆங்கிலச் சொற்கள், அவர் கையெழுத்தில். மனிதர் என் சாதி! சொல் பொறுக்கி!

அப்புறம் நடந்தது பூப்பந்தாட்டம். அவர் ‘டாசிடர்ன்’ என்று ஒன்றை அடித்தார், வாய் திறவாதவன். நான் ‘லொக்வேஷியஸ்’ என்று திருப்பினேன், வாய் மூடாதவன். அவர் ‘ஆப்ட்யூரேட்’ என்று ஓங்கி அடித்தார். எனக்குத் தெரியவில்லை. அசைக்க முடியாத பிடிவாதம் என்று சொல்லி, “வைத்துக்கொள், இது உனக்கு என் பரிசு” என்றார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

“அந்தப் பெண்மணி நலம்தானே?” என்று நடுவில் ஒரு தடவை கேட்டார்.

“இன்டாமிடபிள், சார்!” என்றேன்.

எழுந்திருக்கும்போது, “வேறு ஏதாவது விஷயம் உண்டா?” என்றும் கேட்டார். கவனியுங்கள், அவராகவே கேட்டார்.

“நத்திங், சார்.”

கையில் இன்னொரு பிஸ்கட்டோடு இறங்கி வந்தேன். திருப்பத்தில் அக்கா.

“மூணு வாரமா? கூடக் கொறைய ஆனா பரவால்லன்னாரா?”

பிஸ்கட் வாயிலேயே நின்றது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தேன். முதல் தாளில் தேடினேன். இரண்டாவதில் தேடினேன். மூன்றாவதைத் திருப்பியும் பார்த்தேன். ஆர்ப்ஸ் இருந்தது, ஆல்பெசன்ட் இருந்தது. மூன்று வாரம் இல்லை. டிராக்டர் இல்லை. ‘தயவுசெய்து’ கூட இல்லை.

திரும்பி ஓடலாம் என்று நிமிர்ந்தேன். துரையின் காடி எங்களைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் பெட்டி. கண்ணாடியை இறக்கி எனக்கு மிகவும் அன்பாகக் கையசைத்தார். கோலாலம்பூரில் கூட்டம், அது முடிந்து ஈப்போவில் விடுப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் வர மாட்டார் என்று பங்களாக் காவல்காரர் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“திங்கக்கெழம டிராக்டர் வரும்ல, நீ போயி முன்னால படுத்துக்க” என்று சொல்லிவிட்டு, பாத்திக்குப் போய், வழக்கம்போல இலையை ஒடித்துப் பூவை மூட ஆரம்பித்தார். மூன்று நாளில் மண்ணுக்குள் போகப் போகிற பூவை.

பெட்டி மூடியில் ஒரு பலகை

சனிக்கிழமை முழுக்க எனக்குத் தொட்டியும் புரியவில்லை, இலையும் புரியவில்லை. கங்காணியிடம் போனேன், நாயிடம் பேசுவது போலப் பேசினார். கிராணியிடம் போனேன், துரை உத்தரவில்லாமல் எதுவும் முடியாது என்றார்.

உத்தரவு. எங்கள் தோட்டத்தில் உத்தரவு எப்படி இருக்கும்? பலகையில், கறுப்பு மையில், ஆங்கிலத்தில் இருக்கும். கம்பத்தில் ஆங்கிலப் பலகை நின்றால் அதற்கு அந்தப் பக்கம் யாரும் கால் வைப்பதில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு நின்றவரை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேயிலைப் பெட்டியின் மூடி ஒன்றையும், பெட்டியில் தரம் குறிக்கிற தகர எழுத்து அச்சுகளையும், கறுப்பு மையையும் எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேனா என்று கேட்காதீர்கள். பொய் எழுதக் கூடாது, துரை பெயரைப் போடக் கூடாது என்று மட்டும் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். மாட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அம்மா ஊறுகாய்ச் சாடியோடு ரோட்டில் நிற்பார்.

எழுதியது இதுதான்: ‘எனி மெக்கானிக்கல் இன்கர்ஷன் அப்பான் தீஸ் எஃபெமரல் ஆல்பெசன்ட் ஆர்ப்ஸ் வில் மீட் வித் ஆப்ட்யூரேட் ரெசிஸ்டன்ஸ்.’ நொடியில் மறையும் இந்த வெண்கோளங்களுக்குள் இயந்திரம் ஏதும் புகுந்தால், அசையாத எதிர்ப்பைச் சந்திக்கும். ஒரு சொல் பொய் இல்லை. அக்கா எதிர்ப்பார். அசையவும் மாட்டார்.

திங்கட்கிழமை டிராக்டர் வந்தது. பலகையைப் பார்த்ததும் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கங்காணி இறங்கி வந்து பலகைக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

“என்னமோ துரை எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு போல” என்றார் டிரைவர்.

“அது தெரியுது. நீ வண்டிய ரிவர்ஸ் எடு” என்றார் கங்காணி, தானே படித்துவிட்டதைப் போல.

பெரிய கிராணியைக் கூட்டிவந்தார்கள். இருபது ஆண்டு டைப் அடித்த மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது, ‘ஆர்ப்ஸ்’ வந்ததும் நின்றது. சுற்றி இருபது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். இருபது ஆண்டு மரியாதை குறுக்கே நின்றது.

“ம்… சரிதான்” என்றார். “இது துரை வந்து முடிவு பண்ண வேண்டிய விஷயம்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ படிச்சியா?”

“படிச்சேங்க ஐயா. கொஞ்சம் கஷ்டமான இங்கிலீசு.”

“ஆமாம்” என்றார் நிம்மதியாக. “மேலிடத்து இங்கிலீசு.”

டிராக்டர் ரோட்டில் சரிந்த மண்ணை அள்ளப் போய்விட்டது. அந்த வாரமே ஆட்டுக்குட்டிக்கு ஒன்று, குளியலறைக் குழாய்க்கு ஒன்று என்று லயத்தில் ஆளாளுக்குப் பலகை கேட்டார்கள். மறுத்துவிட்டேன். எனக்கும் பயம் இருக்காதா?

லோரி வந்த நாள்

பலகை நட்ட பத்தொன்பதாம் நாள், திரிங்காப் ஊர்க் காய்கறி வியாபாரியின் லோரி வந்தது. பூ ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. அக்கா வெட்ட, மகள் இலையைச் சீவ, நான் கூடையில் அடுக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்தி பாதி காலியாகியிருந்தது. அப்போதுதான் துரையின் காடி வந்து நின்றது.

இறங்கி நேராகப் பலகைக்குப் போனார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். யார் எழுதியது என்று கேட்கவே இல்லை. அந்த மலையில் அதை எழுதக்கூடியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஊரில் இல்லை.

கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதல் தடவையாகச் சின்னச் சின்ன ஆங்கிலத்தில். கடிதம் எதற்காக, டிராக்டர் எதற்காக, பிஸ்கட் எந்த இடத்தில் வாயில் நின்றது என்பது வரை.

அவர் பாத்தியைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், குனிந்து வெட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாரா, கோபத்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நாற்று வைக்கும் பைகளே இன்னும் வந்து சேரவில்லை லா” என்றார் கடைசியில். “மூன்று வாரம் வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். வெட்டி முடிக்கட்டும்.” காடியில் ஏறப்போனவர் திரும்பி, “ஆப்ட்யூரேட் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது” என்றார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சொற்கள் மேல் நான் பழி போட மாட்டேன். பின்னாளில் என்னை அதே ஆபீஸில் கிராணி நாற்காலியில் உட்கார வைத்தவை அவைதான். சொற்களிடம் ஒரு குறையும் இல்லை, தூக்கிக்கொண்டு திரிந்தவனிடம்தான்.

அன்றைக்கு இந்த ஞானமெல்லாம் ஏது? வேலை போகவில்லை, போதாததற்குத் துரையின் பாராட்டு வேறு. குதித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, துரை கோவப்படல! மூணு வாரம் வேணும்னு ஒரே வரில கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பாராம்!”

அக்கா நிமிரவில்லை. கையில் இருந்த பூவை அடியோடு வெட்டி என் கூடையில் போட்டார்.

“அதத்தானடா உன்ன எழுதச் சொன்னேன்.”